கோப்பிக்கு ஒரு நேரம், பழச்சாற்றுக்கு ஒரு நேரம்

மகனைப் பள்ளிக்கு அழைத்து வந்த ஒரு தாய் சில நாள்களுக்கு முன் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார். "சார், காலையிலே கோப்பியும் பழச்சாறும் சேர்த்துக் குடித்தால் வயிற்றுக்குள்ளே விஷமாகிவிடும் என்கிறார்களே, மெய்தானா?"

விஷமாவதெல்லாம் வீண் பயம். இரண்டுமே புளிப்புத் தன்மை உள்ளவை. ஆகவே வெறும் வயிற்றில் அடுத்தடுத்துக் குடித்தால் சிலருக்கு நெஞ்செரிச்சல் வரும். வயிற்றுப் புண் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.

பேச்சோடு பேச்சாக அந்தத் தாய் இன்னொன்றும் சொன்னார். அவர் ஐந்து மாதக் கர்ப்பிணி. கிளினிக்கில் இரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதைத் தினமும் கோப்பியோடு விழுங்குகிறாராம்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தாய்மார்களே, இரத்தம் ஊற இரும்புச்சத்து வேண்டும். கீரை, பயறு, பருப்பில் அது இருக்கிறது. ஆனால் உடம்பு அதை எளிதில் ஏற்பதில்லை. கோப்பியிலும் தேநீரிலும் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக்கொண்டு இரத்தத்தில் சேரவிடாமல் செய்கிறது. பழத்திலுள்ள வைட்டமின் சி அதற்கு நேர்மாறாக, இரும்பு சேர உதவுகிறது. ஒன்று கதவைச் சாத்துகிறது, மற்றது திறந்துவிடுகிறது.

1983-இல் ஓர் அமெரிக்க ஊட்டச்சத்து ஏட்டில் வெளிவந்த ஆய்வு இதை அளந்து காட்டியது. இறைச்சி உணவோடு ஒரு கோப்பை கோப்பி குடித்தபோது உடம்பில் சேரும் இரும்பு 39 விழுக்காடு குறைந்தது. தேநீர் குடித்தபோது 64 விழுக்காடு குறைந்தது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன் குடித்த கோப்பியால் குறைவு ஏற்படவில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்ததோ, கூடவே குடித்தது போலவே தடுத்தது.

ஆகவே விடியற்காலையில் பெரட்டுக்குப் போகுமுன் வெறுமனே குடிக்கும் கோப்பியால் இரத்தத்துக்குப் பாதகம் இல்லை. வேலைக்காட்டில் பசியாறும்போது ரொட்டியோடும் சோற்றோடும் போத்தலிலிருந்து ஊற்றிக் குடிக்கிறோமே, அந்தக் கோப்பியும் தேநீரும்தான் வினை. அப்போது தண்ணீர் குடியுங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் சென்றபின் கோப்பி குடிக்கலாம்.

பழச்சாற்றைச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்து ஆரஞ்சு வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. கொய்யாவில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி உண்டு. பப்பாளித் துண்டும் நல்லதே. முருங்கைக்கீரையை அடுப்பிலிருந்து இறக்கியபின் எலுமிச்சம் பழம் பிழிந்து விடுங்கள். போத்தலில் வரும் வண்ணச் சர்பத்தைப் பழச்சாறு என்று எண்ணிவிடாதீர்கள். அதில் பெரும்பாலும் சீனிதான்.

பிள்ளைகளுக்குக் காலையில் கோப்பியில் ரொட்டியைத் தோய்த்துக் கொடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். இரத்தம் குறைந்த பிள்ளை வகுப்பில் சோர்ந்து உட்கார்ந்திருக்கும். அதைச் சோம்பேறி என்று திட்டிப் பயனில்லை.

அந்தத் தாயிடம், "மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள் அம்மா. எலுமிச்சைத் தண்ணீரோடு விழுங்குங்கள். கோப்பியை வேறு நேரத்தில் குடியுங்கள். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது தாதியிடமும் இதைச் சொல்லுங்கள்" என்றேன்.

உங்கள் வீட்டிலும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருந்தால், எதோடு விழுங்குகிறார்கள் என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.