தர்மத்தைப் பில்லில் சேர்க்காதீர்கள்

பெற்றோர்களே, பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் ஸ்டேஷனரி கடைக்குப் போய்ப் பாருங்கள். ஒரே அளவு, ஒரே பக்கக் கணக்கு, இரண்டு விலையில் நோட்டுகள். விலை கூடியதை எடுத்த ஓர் அப்பா அட்டையைத் திருப்பிப் பிள்ளையிடம் காட்டுகிறார்: "இதை வாங்கினா ஏழைப் பசங்க படிப்புக்குக் காசு போகும்டா." பிள்ளையும் மகிழ்ச்சியாகத் தலையாட்டுகிறது. அந்த அப்பாவின் இரக்கம் உண்மையானது. அதை இவ்வளவு மலிவாகக் கை மாற்றிவிடுகிறோமே என்பதுதான் என் ஆதங்கம். கொஞ்சம் கடுமையாகவே பேசப்போகிறேன். நானும் உங்களில் ஒருத்தி என்பதால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஐடிசி நிறுவனத்தின் கிளாஸ்மேட் நோட்டுகளில் நெடுநாளாக ஒரு வாக்குறுதி அச்சாகி வந்திருக்கிறது. நான்கு நோட்டு வாங்கினால், தொடக்கக் கல்வி உள்ளிட்ட சமூகப் பணிகளுக்கு நிறுவனம் ஒரு ரூபாய் தரும். தொகையை மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள், அது நேர்மைதான். அதைப் படித்தும் கணக்குப் போடாதது நம் குற்றம். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு இருபது நோட்டு என்று வையுங்கள். நம் வீட்டுக் கணக்கில் போய்ச்சேர்ந்த உதவி ஐந்து ரூபாய். அதற்காக நோட்டுக்குப் பத்து ரூபாய் கூடக் கொடுத்திருந்தால், நம் கையைவிட்டுப் போனது இருநூறு ரூபாய். ஏழைப் பிள்ளையின் படிப்புதான் நம் நோக்கம் என்றால், அந்த இருநூறையும் பக்கத்துத் தெரு அரசுப் பள்ளிக்கே கொடுத்திருக்கலாமே? நாற்பது மடங்கு போய்ச் சேர்ந்திருக்கும். தாள் நன்றாக இருக்கிறது, மை ஊறவில்லை, தையல் பிரியவில்லை என்று அந்த நோட்டை வாங்கினால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பின்னட்டை வாசகத்துக்காக வாங்காதீர்கள்.

இந்த வழி எப்படிப் பரவியது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1983இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம், தன் கார்டை ஒருமுறை தேய்த்தால் ஒரு சென்ட், புதிதாகக் கார்டு வாங்கினால் ஒரு டாலர் என்று சுதந்திர தேவி சிலையின் சீரமைப்புக்குத் தருவதாக அறிவித்தது. சிலைக்குச் சுமார் 17 லட்சம் டாலர் கிடைத்தது. கார்டைப் பயன்படுத்துவது கால் பங்குக்கும் மேல் கூடியது. இரக்கத்தைத் தொட்டால் விற்பனை ஏறும் என்று உலகத்து நிறுவனங்கள் எல்லாம் அப்போது கற்றுக்கொண்டன. அதே அமெரிக்காவில் யோப்ளே என்ற தயிர் நிறுவனம், மூடியைக் கழுவி அனுப்பினால் மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் தருவதாகச் சொன்னது. 90 லட்சத்துக்கும் மேற்பட்ட மூடிகள் வந்து குவிந்தன. ஆனால் நிறுவனம் தன் நன்கொடைக்கு ஒரு லட்சம் டாலர் என்று உச்சவரம்பு வைத்திருந்தது. வரம்பைத் தாண்டி வந்த மூடிகளால் ஒரு சென்ட்கூடக் கூடப்போவதில்லை. 1999இல் ஜார்ஜியா மாநில அரசு தலையிட்ட பிறகு இன்னும் 63,000 டாலர் தந்தார்கள். மூடி கழுவி, தபால்தலை ஒட்டி அனுப்பிய தாய்மார்களின் உழைப்பை நினைத்துப் பாருங்கள்.

"நிறுவனம் கொடுக்கிறதே, அதை நாம் ஆதரிக்க வேண்டாமா?" என்று கேட்பீர்கள். நம் நாட்டில் பெரிய நிறுவனங்கள் கொடுத்தே ஆகவேண்டும் என்பது சட்டம். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவு 2014 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் என்ற மூன்றில் ஒன்றைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2021இல் திருத்திய விதிகள் இன்னொன்றும் சொல்கின்றன: தன் சரக்குக்கு விளம்பர ஆதாயம் தேடிச் செய்யும் ஸ்பான்சர்ஷிப்பைச் சமூகப் பொறுப்புச் செலவாகக் காட்டக்கூடாது. சட்டமே சேவையை ஒருபுறமும் விற்பனையை மறுபுறமுமாகப் பிரித்து வைத்திருக்கிறது. படித்த பெற்றோராகிய நாம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

குழப்பத்தின் விலை பணத்தோடு நிற்பதில்லை. 2013இல் லைஃப்பாய் சோப்பின் விளம்பரப் படம் நம்மில் பலரைக் கண்கலங்க வைத்தது. பிள்ளைகள் ஐந்து வயதைத் தாண்டி வாழக் கைகழுவுங்கள் என்று மத்தியப் பிரதேசத்தின் ஒரு கிராமத்தில் தொடங்கிய இயக்கம் அது. கைகழுவச் சொல்லிக்கொடுத்தது நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சோப்பின் சொந்தக்காரரான இந்துஸ்தான் யூனிலீவருக்குக் கொடைக்கானலில் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய இரும்புக் கடையில் கிடந்தது தெரியவந்து, 2001இல் அது மூடப்பட்டது. தொழிலாளர்களின் நோய்களுக்குத் தொழிற்சாலை காரணமில்லை என்றே நிறுவனம் சொல்லிவந்தது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு உடன்படிக்கை ஏற்பட 2016 ஆயிற்று. சோப்புப் படத்துக்கு உருகிய நாம், கொடைக்கானலில் வேலைபார்த்த அப்பாக்களின் பிள்ளைகளைப் பற்றி ஒருமுறையாவது கேட்டோமா? நிறுவனம் எங்கோ செய்யும் தர்மத்தைவிட, தன் ஆலைக்குள்ளும் ஆலைக்கு வெளியேயும் எப்படி நடந்துகொள்கிறது என்பதே நாம் பார்க்கவேண்டியது. கூலியை ஒழுங்காகக் கொடுக்கிறதா, கழிவை ஆற்றில் விடுகிறதா என்று கேட்டு வாங்குங்கள். அந்தக் கேள்விக்காகப் பத்து ரூபாய் கூடக் கொடுத்தாலும் தகும்.

கொடை நேராகப் பிள்ளையின் உயிரைத் தொட்ட கதையும் உண்டு. 1970களில் ஏழை நாடுகளின் பிரசவ வார்டுகளில் பால்பவுடர் டப்பாக்களை இலவசமாகக் கொடுத்தார்கள். இலவசம் தீர்வதற்குள் தாய்க்குப் பால் வற்றிவிடும். பிறகு காசு கொடுத்துத்தான் வாங்கவேண்டும். வாங்க முடியாதவர்கள் அசுத்தமான தண்ணீரில் நீர்க்கக் கரைத்துக் கொடுத்தார்கள். குழந்தைகள் இறந்தன. 1977இல் பால்பவுடர் விற்ற நெஸ்லேவுக்கு எதிராகப் புறக்கணிப்பு எழுந்தது. 1981இல் உலக சுகாதார அமைப்பு இத்தகைய விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது. 1992இல் இந்தியா சட்டமே போட்டு, இலவச மாதிரிகளைத் தடுத்தது. அந்தச் சட்டம் இருக்கும் நாட்டில் வாழ்ந்துகொண்டு, இலவசமாகக் கொடுப்பவர் எல்லாம் நல்லவர் என்று எப்படி நம்புகிறோம்?

பள்ளிக்குள்ளும் இதைத்தான் செய்கிறோம். சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வாசலைச் சுற்றி 50 மீட்டருக்குள் விற்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. நாமோ விளையாட்டு விழாவுக்குக் கோப்பையும் தொப்பியும் தர யாராவது ஸ்பான்சர் கிடைப்பார்களா என்று பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் யோசனை சொல்கிறோம். தலைக்கு ஐம்பது ரூபாய் போட்டால் முடிகிற செலவு அது. அதை மிச்சம் பிடிக்க, ஒரு தின்பண்டப் பாக்கெட்டின் பெயரைப் பிள்ளைகளின் நெற்றியில் ஒட்டலாமா?

எனக்கு மிகுந்த கவலை தருவது பிள்ளைகள் இதிலிருந்து கற்றுக்கொள்வது. கொடுப்பது என்றால் தன்னிடம் இருப்பதில் கொஞ்சம் குறைவது. பிள்ளைக்கு அது வலிக்கவேண்டும், பிறகு அந்த வலியைத் தாண்டிய சந்தோஷமும் தெரியவேண்டும். கடையில் நாம் சொல்லித்தருவதோ நேர்மாறானது: உனக்குப் பிடித்ததை வாங்கிக்கொள், உதவி தானாகவே நடந்துவிடும். அப்படி வளரும் பிள்ளை, பக்கத்து பெஞ்சில் நோட்டு இல்லாமல் உட்கார்ந்திருக்கும் நண்பனை எப்படிக் கவனிக்கும்? தன் பங்கு பில்லோடு முடிந்துவிட்டது என்றல்லவா நினைக்கும்?

எனவே இந்த ஆண்டிலிருந்து ஒன்று செய்யுங்கள். கடையில் பொருளைப் பாருங்கள்: தரம், விலை, அது பிள்ளையின் உடம்புக்கு என்ன செய்யும், அதைச் செய்தவர்களை நிறுவனம் எப்படி நடத்துகிறது. தர்மத்தை வாங்கும் காரணங்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். மிச்சப்படும் பணத்தைத் தனியே எடுத்துவைத்து, பிள்ளையின் கையால் கொடுக்கச் சொல்லுங்கள். அரசுப் பள்ளிகளுக்கு உதவ 2022இல் தமிழக அரசு 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டத்தைத் தொடங்கியது. பள்ளியை நாமே தேர்ந்து கொடுக்கலாம். அதுவும் வேண்டாம் என்றால் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள், என்ன தேவை என்று அவரே சொல்வார். எவ்வளவு கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது என்று பிள்ளையோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். அந்தப் பேச்சை எந்த நிறுவனத்தாலும் நமக்காகப் பேச முடியாது. அது பெற்றவர்களின் வேலை. அதைச் செய்யுங்கள்.