வண்டிப் பக்கம்: ஸ்டியரிங் பெட்டியை மாற்றுவதற்கு முன்

கேமரன் மலைப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். காய்கறித் தோட்டங்களில் பழைய லேண்ட் ரோவர்கள் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. 1985-இல் உற்பத்தி நின்றுபோன 'சீரீஸ் 3' வண்டியும் அவற்றில் உண்டு. பின்னால் கோஸ் மூட்டை, முன்னால் வீட்டுப் பெண்டு பிள்ளைகள் என்று மலைச்சரிவில் இறங்கும் அந்த வண்டிக்கு ஸ்டியரிங் ஆட்டம் கண்டுவிட்டால் என்ன ஆகும்? "பழைய வண்டி, அப்படித்தான் ஆடும்" என்று சொல்லிவிட்டுப் போகிற காரியமா இது?

ஆட்டம் என்றதும் சில பட்டறைகளில் பெட்டியையே மாற்றச் சொல்வார்கள். குற்றம் பெட்டியில்தானா என்று முதலில் பாருங்கள். ஸ்டியரிங்கிலிருந்து சக்கரம் வரை ஆறு பால் ஜாயிண்டுகள் இருக்கின்றன. நடுவே, முன் குறுக்குச் சட்டத்துக்குள் ரிலே ஒன்றும் நிற்கிறது. இவற்றில் எது தேய்ந்தாலும் கைக்குத் தெரிவது ஒரே ஆட்டம்தான்.

சோதனைக்குச் செலவில்லை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். (இவ்வண்டியில் கைப்பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, பின் ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. அதை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்.) இஞ்சினை நிறுத்திவிட்டு, வீட்டில் ஒருவரை ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் மெல்ல அசைக்கச் சொல்லுங்கள். நீங்கள் கீழே பாருங்கள். ஸ்டியரிங் அசைந்தும் பெட்டியின் டிராப் ஆர்ம் அசையாவிட்டால் பெட்டி தேய்ந்திருக்கிறது. டிராப் ஆர்ம் அசைந்து, அடுத்த தண்டு தாமதித்தால் பால் ஜாயிண்ட். ரிலேயின் மேல் கை அசைந்து கீழ்க் கை சும்மா இருந்தால் ரிலே. ரிலேயை மட்டும் வீட்டில் பிரிக்க வேண்டாம். உள்ளே வலுவான ஸ்பிரிங் அமுங்கி நிற்கிறது, பாய்ந்தால் கண் போய்விடும்.

குற்றம் பெட்டியில் என்றே வைத்துக்கொள்வோம். அதிலுள்ள திருகை இறுக்கினால் போதும் என்பார்கள் சிலர். சிறு ஆட்டத்துக்கு, சக்கரம் நேராக நிற்கும்போது, கொஞ்சம் இறுக்கலாம். ஆனால் பெட்டி அதிகம் தேய்வது நடுப்பகுதியில்தான், ஏனென்றால் வண்டி பெரும்பாலும் நேராகத்தானே ஓடுகிறது? நடுவில் ஆட்டம் போகும் வரை இறுக்கினால் வளைவில் திருப்பும்போது பிடித்துக்கொள்ளும். மலைப் பாதையில் அதைவிட ஆட்டமே மேல்!

மாற்றுப் பெட்டி வாங்கும்போது வலப்பக்க ஸ்டியரிங் வண்டிக்குரியதா என்று கேட்டு வாங்குங்கள். பழைய இரும்புக் கடையில் எடுத்தால், திருப்பிப் பார்த்து, நடுவில் நொறுநொறுவென்றிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

பெட்டியும் ஸ்டியரிங் தண்டும் ஒரே துண்டு. அதனால் பாட்டரி வயரைக் கழற்றி, ஸ்டியரிங் வட்டத்தையும் எடுத்துவிட்டு, முழுதாகத்தான் உருவ வேண்டும். பக்கத்துத் தகட்டைக் கழற்றினால் கை தாராளமாகப் போகும். டிராப் ஆர்ம் வர மறுக்கும். சுத்தியலால் அடிக்காதீர்கள், புல்லர் போட்டு இழுங்கள். அடி விழுந்தால் உள்ளிருக்கும் குண்டுகள் பாழாகும்.

மாட்டும்போது கவனம் வேண்டிய இடம் ஒன்றுண்டு. புதுப் பெட்டியை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பி, எத்தனை சுற்று என்று எண்ணிச் சரிபாதியில் நிறுத்துங்கள். சக்கரங்களும் நேராக நிற்கட்டும். அதன் பிறகே டிராப் ஆர்மை ஏற்றுங்கள். இதை விட்டால் வண்டி ஒரு பக்கம் நன்றாகத் திரும்பும், மறுபக்கம் பாதியில் நிற்கும்.

பால் ஜாயிண்டுகளுக்குப் புது ஸ்பிளிட் பின் போடுங்கள், பழையதை வளைத்து மறுபடி நுழைக்க வேண்டாம். பெட்டியில் 90 எண் கியர் எண்ணெய் ஊற்றுங்கள். ரிலேக்கும் அதே எண்ணெய்தான், பலர் அதை மறந்தே போகிறார்கள். முன் சக்கரங்களின் உள்நோக்கம் 1.2 முதல் 2.4 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்று பட்டறையில் அளந்துகொள்ளுங்கள்.

முதல் ஓட்டம் வெறும் வண்டியாக, சமவெளியில். திரும்பி வந்ததும் எல்லா நட்டுகளையும் இன்னொரு தடவை இறுக்கி, எண்ணெய் கசிகிறதா என்று அடியில் பாருங்கள். மூட்டையும் ஆளும் ஏற்றுவது மறுநாள்.