மாட்சி எது, ஆரவாரம் எது?

ஆங்கிலத்தில் வழக்கொழிந்த அடைமொழிகளுள் 'மேக்னிஃபிகல்' ஒன்று. அதன் இடத்தை 'மேக்னிஃபிசென்ட்' என்னும் உடன்பிறப்பு பற்றிக்கொண்டு நெடுங்காலமாயிற்று. இரண்டிற்கும் வேர் ஒன்றே. இலத்தீனில் 'மாக்னுஸ்' என்றால் பெரிய. 'ஃபாக்கெரே' என்றால் செய்தல். ஆகவே, பெருஞ்செயல் புரிதலே இச்சொல்லின் உயிர். பளிங்குத் தூணும் பட்டுத்திரையும் பின்னர் வந்து ஒட்டிக்கொண்டவை.

1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில் இச்சொல் வருகின்றது. தம் மைந்தர் சாலமோன் எழுப்பவிருக்கும் ஆலயம் எத்தகையதாதல் வேண்டும் என்று தாவீது கூறுமிடம் அது. (நாம் சுலைமான் நபி, தாவூத் நபி என்று போற்றுவது இவர்களையே.) எபிரேய மூலத்தில் அங்கே நிற்பது அடைமொழியன்று, 'பெரிதாக்குதல்' என்னும் வினை. செயலை உள்ளடக்கிய சொல்லையே மொழிபெயர்த்தோர் தேர்ந்தனர் என்பது எண்ணத்தக்கது.

1667-இல் மில்டன் தம் 'இழந்த சொர்க்கம்' காப்பியத்தில் இதன் குறுவடிவமாகிய 'மேக்னிஃபிக்' என்பதைச் சாத்தானின் வாயில் வைக்கின்றார். அதிகாரம் பிறர் கைக்குப் போனபின் நம் பெரும்பட்டங்கள் வெறும் பெயர்தாமோ என்று அவன் வானவரிடம் வினவுகின்றான். செயல் நீங்கிய அடைமொழி எவ்வளவு வெறுமையானது என்பதை இதனினும் நுட்பமாகக் காட்டுதல் அரிது. நம் விழா அழைப்பிதழ்களின் அடைமொழிகளைப் பற்றிப் பேசப் புகுந்தால் இப்பக்கம் போதாது!

வரலாற்றிலும் இதற்குச் சான்றுண்டு. 1520 முதல் 1566 வரை ஆண்ட உதுமானியப் பேரரசர் சுலைமானை ஐரோப்பியர் 'மேக்னிஃபிசென்ட்' என்றனர். அவர்தம் கண்ணில் பட்டது அவையின் பகட்டு. துருக்கியரோ அவரைக் 'கானூனி', அதாவது சட்டம் வகுத்தவர், என்றே வழங்குகின்றனர். கட்டடக்கலைஞர் சினான் அவருக்காக எழுப்பிய சுலைமானியா பள்ளிவாசல் இஸ்தான்புல்லில் இன்றும் நிற்கின்றது. ஆயினும், அவர்கள் பெயரிட்டது சட்டத்தை நோக்கியே.

மாணவர் பலர் இச்சொல்லைப் 'பிரம்மாண்டமான' என்று பெயர்த்துவிடுகின்றனர். அது அளவைக் கூறும், செயலைக் கூறாது. 'மாட்சி' என்பதே ஏற்புடையது என்பது என் துணிபு. வள்ளுவரின் 'இறைமாட்சி' அதிகாரம் அஞ்சாமை, ஈகை, அறிவு, ஊக்கம் ஆகியவற்றை வேந்தனுக்கு இயல்பாக்குகின்றது. அரண்மனையின் அழகைப் பேசவில்லை.

இன்று ஆங்கிலக் கட்டுரையில் 'மேக்னிஃபிகல்' என்று எழுதலாமா என வினவுவோர் உளர். பழைய நூலைப் பற்றி உரைக்குமிடத்தும், பகட்டை எள்ளுமிடத்தும் எழுதலாம். ஏனைய இடங்களில் அது கைத்தறிச் சட்டையின்மேல் அரசவை அங்கியை அணிந்தாற்போலாகும்.