திருகாணியை முறுக்குவது கடைசி வேலை

தென்னந்தோப்பிலும் வாழைக் கொல்லையிலும் புல் அறுப்பதற்குத் தோளில் மாட்டும் பெட்ரோல் களைவெட்டி இன்று சிறு விவசாயிகளின் வீடுகளுக்கும் வந்துவிட்டது. ஆள் கிடைக்காத காலத்தில் இது பெரிய ஒத்தாசை. ஆனால் வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகாத எத்தனையோ இயந்திரங்கள் மாட்டுக் கொட்டகை மூலையில் சாக்குப் போர்த்திக் கிடக்கின்றன. 'சரக்கு மட்டம்' என்று விற்றவரைத் திட்டுகிறோம். மட்டமான சரக்கு இல்லாமல் இல்லை. ஆனாலும் என் அபிப்பிராயம் வேறு. அவற்றில் பல தாமாகக் கெட்டவை அல்ல. கார்புரேட்டர் திருகாணியை அவசரப்பட்டு முறுக்கி நாமே கெடுத்தவை.

காரணம் இதுதான். இரண்டு ஸ்ட்ரோக் இயந்திரத்துக்குத் தனி ஆயில் தொட்டி கிடையாது. பெட்ரோலில் நாம் கலந்து ஊற்றும் ஆயில்தான் பிஸ்டனையும் பேரிங்கையும் காப்பாற்றுகிறது. திருகாணியை உள்ளே முறுக்கினால் பெட்ரோல் குறையும். அதோடு ஆயிலும் குறையும். அப்போது இயந்திரம் கீச்சென்ற சத்தத்தோடு வேகமாகச் சுற்றும். 'நல்ல பிக்கப் வந்துவிட்டது' என்று சந்தோஷப்படுவோம். உள்ளே பிஸ்டன் காய்ந்து சூடேறிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் உச்சி வெயிலில் முழு வேகத்தில் ஓட்டினால் சிலிண்டரில் கோடு விழும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பிறகு பிஸ்டன், ரிங், சிலிண்டர் எல்லாம் மாற்ற வேண்டியதுதான். கூலியில் மிச்சம் பிடித்த பணம் அதோடு சரி.

திருகாணியைத் தொடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை பல உண்டு. இழுவை குறைந்தால் முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றுங்கள். ஸ்பாஞ்சு ஃபில்டராக இருந்தால் சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாக உலர்த்தி மாட்டலாம். பார்த்தீனியப் பூவும் புல் தூசியும் பறக்கும் இடத்தில் தினமும் இதைச் செய்தாலும் தகும். சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளின் இடுக்கிலும் தூசி அடைந்திருக்கும், அதையும் தட்டிவிடுங்கள்.

அடுத்து ஸ்பார்க் பிளக். முனை காப்பிப் பொடி நிறத்தில் இருந்தால் கலவை சரி. கருத்து ஈரமாக இருந்தால் காற்று போதவில்லை, அல்லது ஆயில் ஜாஸ்தி. சாம்பல்போல் வெளுத்திருந்தால் ஜாக்கிரதை, இயந்திரம் பெட்ரோலும் ஆயிலும் போதாமல் காய்கிறது. இடைவெளி பெரும்பாலான களைவெட்டிகளுக்கு 0.6 முதல் 0.7 மி.மீ.

கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடுகிறதா? பெட்ரோல் மூடியைச் சற்றுத் தளர்த்திவிட்டு இழுத்துப் பாருங்கள். ஓடினால் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஓர் ஊசியின் வேலைதான். சோக் போட்டால் மட்டும் ஓடுகிறது என்றால் பெட்ரோல் வரும் வழியில் அடைப்பு, அல்லது எங்கோ காற்று புகுகிறது. முழு வேகம் எடுக்க மறுத்தால் சைலன்சரின் வாயில் உள்ள சிறு கம்பி வலையைப் பாருங்கள். கரி அப்பியிருந்தால் எத்தனை திருகாணி முறுக்கினாலும் பயன் இல்லை.

லூனா 1972-ல் வந்தது, டி.வி.எஸ். 50 1980-ல் வந்தது. அவற்றை ஓட்டிய தலைமுறைக்கு ஆயில் கலப்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்றைய பிள்ளைகள் ஓட்டுவதெல்லாம் நான்கு ஸ்ட்ரோக் வண்டி. அந்தப் பழக்கத்தில் வெறும் பெட்ரோலை ஊற்றிவிடுகிறார்கள், அல்லது பைக் ஆயிலைக் கலந்துவிடுகிறார்கள். இரண்டும் கூடாது. 2டி ஆயில்தான் வேண்டும். 50-க்கு 1 என்று புத்தகத்தில் போட்டிருந்தால் லிட்டருக்கு 20 மி.லி.; 25-க்கு 1 என்றால் 40 மி.லி. 'ஒரு மூடி', 'ஒரு மடக்கு' என்ற கணக்கு வேண்டாம். மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசிக்குழாய் நல்ல அளவை. (பெரும்பாலான நான்கு ஸ்ட்ரோக் களைவெட்டிகளுக்குக் கலப்படமே கூடாது, அவற்றுக்கு ஆயில் தனி.)

பெட்ரோலும் பழைய பெட்ரோல் அல்ல. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது; இப்போது நாடெங்கும் அதுதான். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மூடி சரியில்லாத கேனில் ஐப்பசி மழைத் தண்ணீர் இறங்கினால், எத்தனாலும் தண்ணீருமாகச் சேர்ந்து அடியில் தங்கிவிடும். ஆயில் மேலே பெட்ரோலோடு நிற்கும். இயந்திரம் உறிஞ்சுவதோ அடியிலிருந்து! ஆகையால் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலந்து கொள்ளுங்கள். வேலை முடிந்து பல நாள் வைக்கப்போவதானால் தொட்டியைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் கார்புரேட்டரில் பிசின் கட்டும், ரப்பர் சவ்வு விறைத்துப்போகும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் சரியாகவில்லை என்றால் திருகாணிக்கு வரலாம். ஐந்து நிமிஷம் ஓட்டிச் சூடாக்குங்கள். ஆக்சிலேட்டரை விட்டதும் பிளேடு நிற்க வேண்டும். சுற்றினால் ஐட்லிங் திருகாணியைக் குறையுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் கிளட்ச் ஸ்பிரிங் போயிருக்கும், அதை மாற்றாமல் தோளில் மாட்டவே கூடாது. ஆக்சிலேட்டர் கொடுத்ததும் திக்கினால் 'எல்' எழுத்துள்ள திருகாணியை அரைக்கால் சுற்று வெளியே விடுங்கள். 'எச்' எழுத்துள்ளது முழு வேகத்துக்கு. புல்லில் வைக்காமல் முழு வேகம் கொடுத்தால் சத்தம் லேசாகக் கரகரக்க வேண்டும்; புல்லில் இறங்கியதும் தெளிய வேண்டும். கீச்சென்று கேட்டால் அதையும் அரைக்கால் சுற்று வெளியே விடுங்கள். சில இயந்திரங்களில் திருகாணிமேல் பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதிகம் திரும்பாமல் தடுக்கத்தான் அது, உடைக்காதீர்கள்.

விற்பவர்களிடம் ஒன்று கேட்கலாம். பல இயந்திரங்களோடு வரும் புத்தகம் இங்கிலீஷில் இருக்கிறது. ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு, ஆயில் அளக்க ஒரு புட்டி, ஃபில்டர் கழற்றிக் காட்ட அரைமணி நேரம் — இவற்றைக் கொடுப்பதால் கடைக்காரருக்கு என்ன நஷ்டம்? மானியத்தில் கொடுக்கும்போதும் இதை ஒரு நிபந்தனையாகவே வைக்கலாம். அதுவரை, கடையிலேயே ஒருமுறை பெட்ரோல் கலந்து, ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.