பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் தாய்மார்கள் எங்கே?

2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில், சமையல் கொட்டகைக் கீற்றில் பிடித்த தீ வகுப்பறைக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் பலியாயினர். தஞ்சை நீதிமன்றத் தீர்ப்பு வரப் பத்து ஆண்டுகள் ஆயின. இழப்பீட்டுக்கும் பெற்றோரே போராட வேண்டியிருந்தது.

2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு இடத்தைப் பெற்றோருக்குத் தந்துள்ளது. உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். பள்ளியின் செயல்பாட்டையும் மானியச் செலவையும் கண்காணிப்பது இக்குழுவின் பணி.

அய்யம்பேட்டை முதல் அதிராம்பட்டினம் வரை நம் வீடுகளில் பள்ளியைப் பற்றிய குறைக்குப் பஞ்சமில்லை. கழிப்பறை சரியில்லை, ஆசிரியர் போதவில்லை என்கிறோம். ஆனால் அது வாட்ஸ்அப்போடு நின்றுவிடுகிறது. "அத்தா சவூதியில் இருக்கிறார், யார் போவது?" என்ற கேள்விக்குச் சட்டமே பதில் தந்துவிட்டது: தாய் போகலாம்.

கூட்டத் தேதியை ஜும்ஆவில் ஜமாஅத் அறிவிக்கட்டும். தாய்மார்கள் குறையை எழுத்தில் கொடுத்து, தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லட்டும். பதில் இல்லையெனில் அதே நகலுடன் மாவட்டக் கல்வி அலுவலரிடம் செல்லலாம்.

பிள்ளைகள் நம்மிடமுள்ள அமானிதம். இழந்தபின் நீதிமன்றம் ஏறுவதைவிட, இப்போதே கூட்டத்தில் அமர்வது மேல்.