எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

‘நூலிலேயே அப்படித்தான் சொல்லியிருக்கிறது’ என்று ஒருவர் அடித்துச் சொல்லிவிட்டால், பெரும்பாலும் நாம் வாயை மூடிக்கொள்வோம். அமெரிக்காவில் சில யூதர்கள் அப்படி மூடிக்கொள்ளவில்லை. அந்த நூலையே திறந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்த நூல் தால்முத். சட்டம், கதை, வாக்குவாதம் எல்லாம் கலந்த யூதர்களின் பெருநூல். பாபிலோனியத் தால்முத் மட்டும் 2,711 தாள்கள். அதை இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, வாய்விட்டு வாசித்து, வரிக்கு வரி வாதாடிப் படிப்பதுதான் மரபு. அந்த ஜோடிப் படிப்புக்கு ‘ஹவ்ருதா’ என்று பெயர்.

பல நூற்றாண்டுகளாக அந்த மேஜை பெரும்பாலும் ஆண்களுக்குத்தான். தன்பாலீர்ப்பு கொண்டவர்களுக்கும் திருநர்களுக்கும் அதில் இடம் இருக்கவில்லை. 2003-ல் பெனே லாப்பி என்ற பெண் ரபி, சிகாகோவில் ‘ஸ்வாரா’ என்ற பாடசாலையைத் தொடங்கி, அவர்களுக்காகவே மேஜை போட்டார். அவரும் தன்பாலீர்ப்பு கொண்டவர்தான்.

அங்கே மொழிபெயர்ப்பை வைத்துப் படிப்பதில்லை. ஹீப்ரு எழுத்து தெரிந்தால் போதும். அகராதியைப் புரட்டி மூலத்தையே படிக்கவேண்டும். தானே வாசிக்கத் தெரியாதவரை, அடுத்தவர் சொல்வதுதானே சட்டம்?

வாசித்தால் என்ன கிடைக்கிறது? தால்முத்துக்கு அடிப்படையான மிஷ்னா, சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்டது. இருபால் அடையாளங்களோடும் பிறந்தவரைப் பற்றி அதில் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். சில விஷயங்களில் அவர் ஆணைப்போல, சிலவற்றில் பெண்ணைப்போல, சிலவற்றில் இருவரையும் போல் இல்லை என்று பிரித்திருக்கிறார்கள். ரபி யோசே என்பவரோ, அவர் தனிப் படைப்பு என்கிறார்.

இது இன்றைய உரிமைப் பேச்சு அல்ல. எந்தச் சட்டம் யாருக்குப் பொருந்தும் என்பதுதான் அவர்கள் கவலை. மனதை நோகடிக்கும் வரிகளும் அதே நூலில் உண்டு. ஆனாலும், ‘உன்னைப்போல் யாரும் இங்கே இருந்ததில்லை’ என்று கேட்டே வளர்ந்தவருக்கு, ஆண்-பெண் என்ற இரண்டுக்குள் அடங்காத ஒருவரை அந்தப் பக்கத்தில் பார்ப்பது சின்ன விஷயமா?

‘ஸ்வாரா’ என்றால் நியாய புத்தி. ‘அவனைக் கொல், இல்லையேல் உன்னைக் கொல்வேன்’ என்று ஒருவன் மிரட்டினால்? கொல்லக்கூடாது என்கிறது தால்முத். அதற்கு அது வேதவரியைத் தேடுவதில்லை. உன் உயிர் அடுத்தவன் உயிரைவிட உசத்தியில்லை என்ற நியாயமே போதும் என்கிறது. அந்த நியாய புத்தி எல்லோருக்கும் உண்டு என்றுதான் பாடசாலைக்கு இந்தப் பெயர்.

அடுத்தமுறை யாராவது ‘நூலில் இருக்கிறது’ என்றால் சண்டைக்குப் போகாதீர்கள். ‘எந்தப் பக்கம்? வாங்க, சேர்ந்து படிக்கலாம்’ என்று கூப்பிட்டுப் பாருங்கள்.