ஒப்படைப்பது வேறு, கைகழுவுவது வேறு



உங்களில் பலர் இன்று கடை, பட்டறை, ஏஜென்சி என்று சொந்தத் தொழில் நடத்துகிறீர்கள். பெருமையாக இருக்கிறது. ஆனால் "கடையை விட்டுட்டு எப்படி சார் வர்றது?" என்று பிள்ளையின் பள்ளி விழாவுக்குக்கூடப் போகாமல் இருக்கிறீர்களே, அதுதான் கவலை. முதலாளி இல்லாமல் ஒருநாள்கூட ஓடாத கடைக்கு இரண்டாவது கிளை எப்படி வரும்?

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற டாக்டர் ஜி.வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கியது. பார்வை சோதிப்பது, நோயாளியை ஆபரேஷனுக்குத் தயார் செய்வது எல்லாம் அங்கேயே பயிற்சி பெற்ற பெண்கள் பார்த்துக்கொள்கிறார்கள். டாக்டர் ஓர் ஆபரேஷனை முடித்துத் திரும்பினால், பக்கத்து மேசையில் அடுத்தவர் தயார். அவர் மட்டுமே செய்யக்கூடிய வேலைக்கு அவர் நேரம் முழுவதும் கிடைக்கிறது. அது வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

"இந்தக் காலத்துல யாரை நம்புறது?" என்பீர்கள். நியாயம்தான். வள்ளுவரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. ஆளை ஆராய்ந்து தெளிவதற்கு 51ஆம் அதிகாரம். வேலையை ஒப்படைப்பதற்கு 52. அந்த வரிசையில்தான் பாடமே இருக்கிறது.

ஆளைப் பாருங்கள், கற்றுக்கொடுங்கள். "5000 ரூபாய் வரைக்கும் நீயே முடிவு பண்ணு" என்று எல்லை சொல்லுங்கள். இரவில் கணக்கைப் பாருங்கள். சின்னத் தவறு நடந்தால் தனியாகக் கூப்பிட்டுத் திருத்துங்கள். கொடுத்த பொறுப்பைப் பிடுங்காதீர்கள்.

இந்த மாதம் ஒரே ஒரு வேலையைக் கைமாற்றிப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்